எண்ணெயிலிருந்து எண்ணுக்கு

பழைய புல்டோசர்களில் ஆயில் பிரஷர் எவ்வளவு என்று ஆபரேட்டருக்குச் சொல்ல ஆயிலே நேரில் வந்தது. இன்ஜின் பிளாக்கில் ஆயில் ஓடும் பிரதான வழியிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று கிளம்பி, டேஷ்போர்டில் இருக்கும் கேஜின் முதுகில் போய்ச் சேரும். கேஜுக்குள் வளைந்த, தட்டையான குழல் ஒன்று இருக்கும். பிரஷர் ஏறினால் அந்த வளைவு நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்பும். பாரிஸில் யூஜீன் பூர்தோன் 1849-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. இடைத்தரகர் யாரும் கிடையாது. முள் மூன்று கிலோ காட்டினால் ஆயிலே மூன்று கிலோ என்று சொன்னதாக அர்த்தம். தொல்லை என்னவென்றால், குழாய் விரிசல் விட்டால் கொதிக்கும் ஆயில் ஆபரேட்டரின் மடியில் கொட்டும். அதைவிடப் பெரிய தொல்லை, கேஜைப் பார்க்க அவருக்கு நேரம் வேண்டும். கண் பிளேடில் இருக்கும்போது முள் இறங்கினால் யாருக்குத் தெரியும்?

1930-களில் அமெரிக்காவில் ஹட்சன் போன்ற கார் கம்பெனிகள் கேஜை எடுத்துவிட்டு ஒரு சின்ன விளக்கை வைத்தன. அன்றிலிருந்து ஆயில் இன்ஜினோடு நின்றுகொண்டது. அதற்குப் பதிலாகக் கரண்ட் பயணம் போனது. பிளாக்கில் ஒரு ஸ்விட்ச், அதற்குள் ஒரு சவ்வு, ஒரு ஸ்பிரிங். பிரஷர் இல்லாதபோது ஸ்பிரிங் தொடுமுனைகளைச் சேர்த்துப் பிடிக்கும், விளக்கு எரியும். பிரஷர் வந்ததும் சவ்வு தள்ளும், தொடர்பு விடும், விளக்கு அணையும். வெளியே வருவது ஒரே ஒரு ஒயர். முட்டாள்களுக்கான விளக்கு என்று கேஜ் பார்த்துப் பழகியவர்கள் கேலி பேசினார்கள். கேலியில் பாதிதான் நியாயம். பிரேக்கர் பாறையைக் குத்தும் சத்தத்திலும் தூசியிலும் முள்ளைவிட விளக்குதான் கண்ணில் படும்.

ஆனால் அந்த ஒற்றை ஒயருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது அறுந்துபோனால் விளக்கு எரியவே எரியாது. ஆயில் சுத்தமாக வற்றினாலும் டேஷ்போர்டு அமைதியாக இருக்கும். சாவியை முதல் நிலைக்குத் திருப்பும்போது எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிகின்றனவா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். எரியாத விளக்குதான் அங்கே எச்சரிக்கை. சாவியை ஒரே திருப்பில் ஸ்டார்ட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அது கிடைக்காது.

இன்றைய எலக்ட்ரானிக் இன்ஜினில் அதே இடத்தில் மூன்று ஒயர் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், மூன்றாவதில் சேதி போகும். பிரஷர் பூஜ்யம் என்றால் சென்சார் பூஜ்ய வோல்ட் அனுப்புவதில்லை, சுமார் 0.5 வோல்ட் அனுப்பும். அளவின் உச்சியில் 5 அல்ல, 4.5. இரண்டு ஓரத்திலும் அரை வோல்ட்டை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார்கள். ஒயர் எர்த்தில் உரசினால் வோல்ட் 0.5-க்கும் கீழே விழும். அறுந்துபோனால் பல இன்ஜின்களில் 5-க்குப் பக்கத்தில் ஏறும். பிரஷர் எவ்வளவு குறைந்தாலும் கூடினாலும் அந்த ஓரங்களுக்கு வோல்ட் போகவே முடியாது. அதனால் ஆயில் இல்லையா, ஒயர் இல்லையா என்று பிரித்துச் சொல்ல முதல்முறையாக ஒரு வழி பிறந்தது. இந்தப் பயணம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இந்த இரண்டு அரை வோல்ட்கள்தான்.

ஒயர் போய்ச் சேரும் இடம் இசிஎம் என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர். வந்த வோல்ட்டை அது பிரஷராக மாற்றிக்கொள்ளும், ஆனால் உடனே கத்தாது. முதலில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று பார்க்கும். சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஒரு கிலோ காட்டினால் தவறில்லை, முழு வேகத்தில் அதே ஒரு கிலோ என்றால் ஆபத்து. பிறகு சில நொடி பொறுக்கும். சரிவில் நின்று தோண்டும்போது சேம்பரில் ஆயில் ஒருபக்கமாக ஒதுங்கி, ஸ்டிரெய்னர் ஒரு கணம் காற்றை உறிஞ்சலாம். அதற்கெல்லாம் வண்டியை நிறுத்த முடியாது. குறைவு நீடித்தால்தான் இசிஎம் அதற்கு எண் போடும்: 100, 1.

முதல் எண் எதைப் பற்றிய பேச்சு என்று சொல்கிறது. கனரக வண்டிகளுக்கான ஜே1939 என்ற விதிமுறையில் 100 என்றால் இன்ஜின் ஆயில் பிரஷர், 110 என்றால் கூலன்ட் சூடு, 97 என்றால் டீசலில் தண்ணீர். எந்த நாட்டு இன்ஜினானாலும், அந்த விதிமுறையைப் பின்பற்றினால் இதே எண்கள்தான். இரண்டாவது எண் என்ன ஆனது என்று சொல்கிறது. 1 என்றால் அளவு நம்பத்தக்கது, அபாயமான அளவுக்குக் குறைவு. 3 என்றால் வோல்ட் இருக்க வேண்டியதைவிட அதிகம், 4 என்றால் குறைவு. அதாவது காலியாக விட்ட அந்த ஓரங்களில் வோல்ட் போய் நின்றிருக்கிறது. 100-1 ஆயிலின் புகார், 100-4 ஒயரின் புகார். களத்தில் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு "சென்சார் போயிடுச்சு" என்று புதுசு வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டாவது எண்ணைப் படிக்காத பழக்கத்தால் உண்மையில் பிழைப்பது ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

எண்ணான சேதி அடுத்து ஏறுவது கேன் எனப்படும் இரட்டை ஒயரில். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1983-இல் வேலையைத் தொடங்கி, 1986-இல் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்திய முறை. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்கள். இன்ஜின், ஹைட்ராலிக் கன்ட்ரோலர், மீட்டர் எல்லாம் அதே ஜோடியில் பேச வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் யாருடைய அடையாள எண் சிறியதோ அவர் பேசுவார், மற்றவர் காத்திருப்பார். இன்ஜின் வேகத்தைச் சொல்லும் சேதிக்கு முன்னுரிமை 3. நம் எச்சரிக்கைக்கு 6. அந்த வரிசையில் 7-தான் கடைசி. அபாயச் சேதி ஆர்பிஎம்முக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது என்பது முதலில் அபத்தமாகப் படும். யோசித்தால் சரிதான். ஆர்பிஎம் ஒரு நொடிக்குள் பல பத்து முறை தேவைப்படுகிறது. எச்சரிக்கை நொடிக்கு ஒருமுறை வந்தால் போதும். எட்டு பைட் கொண்ட அந்தச் சேதியின் முன்பகுதியில் எந்த விளக்கை ஏற்ற வேண்டும் என்ற உத்தரவு இருக்கும்: நிறுத்தச் சொல்லும் சிவப்பா, கவனிக்கச் சொல்லும் மஞ்சளா என்று. அதற்குப் பின்னால் 100-ம் 1-ம், இதுவரை எத்தனை முறை வந்தது என்ற கணக்கும்.

மீட்டர் அதைப் படித்துச் சிவப்பை ஏற்றுகிறது. படம், மூக்கு நீண்ட ஒரு எண்ணெய்க் குப்பி, நுனியில் ஒரு சொட்டு. மண் தள்ளும் வண்டிகளின் குறியீடுகளுக்கென்றே ஐஎஸ்ஓ 6405 என்ற தரநிலை இருக்கிறது. அந்த மாதிரிக் குப்பியை இன்றைய ஆபரேட்டர்களில் பலர் தையல் மிஷின் பக்கத்தில்தான் பார்த்திருப்பார்கள். இருந்தாலும் அர்த்தம் புரிகிறது. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆபரேட்டருக்கும் தர்மபுரிக்காரருக்கும் ஒரே படம்.

இதற்கு அடுத்த கட்டத்தில்தான் சேதி அதிகம் தொலைகிறது. க.பரமத்தி பக்கம் ஒரு குவாரி என்று வைத்துக்கொள்வோம். லாரிகள் வரிசையில் நிற்கின்றன, வண்டிக்கு வாடகை மணிக்கணக்கில். மெஷினில் டெலிமாட்டிக்ஸ் பெட்டி இருந்தால் அதே எண் சிம் கார்டு வழியாக முதலாளியின் போனுக்கும் போய்விடும். போன் அடிக்கிறது.

"என்னப்பா, செவப்பு லைட்டு எரியுதாமே?"

"லைட்டு மட்டுந்தானுங்க மொதலாளி எரியுது. வண்டி நல்லாத்தான் ஓடுதுங்க."

"மொதல்ல இன்ஜின அணை. அணைச்சுட்டு டிப் ஸ்டிக்க எடுத்துப் பாரு."

முதலாளி சொன்னது சரி. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் போனபிறகு "நல்லாத்தான் ஓடுது" என்பதன் ஆயுள் சில நிமிடங்கள். கிராங்க் பிடித்துக்கொண்டால் செலவு லட்சத்தில் போகும்.

இனி ஃபிட்டர் வருகிறார். அவர் வேலை, சேதி வந்த வழியில் திரும்பி நடப்பது. ஆனால் விளக்கிலிருந்து தொடங்கமாட்டார், நல்ல ஃபிட்டராக இருந்தால் நேராக மறுமுனைக்குப் போவார். டிப் ஸ்டிக்கில் அளவு பார்ப்பார், விரலில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். டீசல் வாசனை அடித்தால் எங்கோ டீசல் கசிந்து ஆயிலில் கலந்து, ஆயில் தண்ணீராகிப் பிரஷரை இழந்திருக்கிறது. அப்போது அளவு குறைவாக இருக்காது, வழக்கத்தைவிட அதிகமாகக்கூடக் காட்டும். அதைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களும் உண்டு.

அளவும் வாசனையும் சரி என்றால் சென்சாரைக் கழற்றி, அதே துளையில் ஒரு கேஜை முடுக்குவார். வளைந்த குழலும் முள்ளும் உள்ள அதே பூர்தோன் கேஜ். கம்ப்யூட்டர் சொன்னது நிஜமா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல 1849-இன் குழாயைத்தான் இன்றும் கூப்பிட வேண்டியிருக்கிறது. முள்ளும் குறைவாகக் காட்டினால் புகார் உண்மை: பம்ப், ரிலீஃப் வால்வு, தேய்ந்த பேரிங் என்று இன்ஜினுக்குள் தேட வேண்டும். முள் நான்கு கிலோவில் நிமிர்ந்து நின்றால் இன்ஜின் நலம். பாதையில் எங்கோ சேதி திரிந்திருக்கிறது.

இரண்டாவது எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பது இங்கேதான் தெரியும். கப்ளரின் 5 வோல்ட் பின்னில் பச்சை பிடித்திருந்தால் சென்சாருக்கு நான்கு வோல்ட்தான் போய்ச் சேரும். சென்சார் அந்த நான்குக்கு ஏற்றபடிதான் பங்கு போட்டு அனுப்பும். வரும் வோல்ட் காலி ஓரத்துக்குப் போகாமல் எல்லைக்குள்ளேயே இருக்கும், ஆனால் குறைவாக இருக்கும். இசிஎம் அதை மெய்யான குறைவு என்றே எழுதி 1 போட்டுவிடும். உயர் அழுத்தத் தண்ணீர் அடித்து இன்ஜினைக் கழுவிய மறுவாரம் இப்படி வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எலக்ட்ரீஷியன்கள் செய்யும் சோதனை ஒன்று எளிமையிலும் எளிமை. எண் 100-4 என்றால் சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டுச் சாவி போடுவது. பல இன்ஜின்களில் 4 மாறி 3 ஆகிவிடும். அப்படி மாறினால் ஒயரும் இசிஎம்மும் விழித்திருக்கின்றன, குற்றவாளி சென்சார். 4 மாறவே இல்லை என்றால் சென்சாரைத் தொட வேண்டாம். ஒயரிங் எங்கோ உரசுகிறது. ஆயில், பூஸ்ட், டீசல் என்று மூன்று நான்கு சென்சார்கள் ஒரே நேரத்தில் புகார் சொன்னால், எல்லாமே ஒரே நாளில் செத்திருக்காது. அவை பங்கு போட்டுக்கொள்ளும் 5 வோல்ட் லைனை எங்கோ ஒன்று கீழே இழுக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது மற்றவை அடங்குகின்றன என்று பார்க்க வேண்டியதுதான்.

மீட்டரே குழம்பி, கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்றால் கேன் ஒயரைப் பார்க்க வேண்டும். ஜோடியின் இரண்டு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு இரண்டு ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கடைசி காணாமல் போயிருக்கிறது. மழைக்காலத்தில் இரண்டு மாதம் நிறுத்திவைத்த வண்டி என்றால் எலியைச் சந்தேகிக்கலாம்.

இந்தியாவில் 2021 ஏப்ரலில் சக்கரம் வைத்த கட்டுமான வண்டிகளுக்கு நான்காம் கட்டப் புகை விதி வந்தபின், எலக்ட்ரானிக் இன்ஜின் சாதாரண ஜேசிபி வரைக்கும் இறங்கிவிட்டது. காதை வைத்தே இன்ஜினைப் படித்த மூத்த மெக்கானிக்குகள் பலர் லேப்டாப் உள்ள பையனைக் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். இருவரும் சேர்ந்தால் வேலை நன்றாக நடக்கிறது. லேப்டாப் மட்டும் வந்தால் சென்சார் செலவு கூடுகிறது.

பழுது தீர்ந்ததும் சிவப்பு அணைகிறது. எண் மட்டும் போவதில்லை. முன்பு வந்தவை என்ற பட்டியலுக்கு மாறி, எத்தனை முறை வந்தது என்ற கணக்கோடு இசிஎம்மில் தங்குகிறது. சாதாரண எண்களை டூல் வைத்து அழித்துவிடலாம். கேட்டர்பில்லர் போன்ற சில இன்ஜின்களில் ஆயில் பிரஷர் குறைந்தது, சூடு ஏறியது, ஓவர்ஸ்பீடு ஆனது ஆகிய பதிவுகளை அழிக்க ஃபாக்டரி பாஸ்வேர்டு வேண்டும். வண்டி கைமாறும் நாளில் புது பெயின்ட் அடித்து, புது பக்கெட் பல் மாட்டி நிறுத்துவார்கள். வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர் ஹவர் மீட்டரைப் பார்க்கும் முன் கேபினில் உள்ள ஒன்பது பின் கப்ளரில் ஒயரைச் செருகுவார். ஆயில் பிரஷர் குறைந்தும் எத்தனை முறை ஓட்டியிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்துவிட்டு, அங்கிருந்துதான் விலையைக் குறைக்கத் தொடங்குவார்.