மிதிவண்டியிலிருந்து இறங்கச் சொன்ன காலம்



வரலாறு என்றதும் நம் மாணவர்களுக்கு மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும், ஒரு மக்கள் எவ்வாறு ஆளப்பட்டனர் என்பதை அன்றாடச் சிறு பொருள்களே தெளிவாகக் காட்டும். மிதிவண்டி, பால் டின், ஒரு கவளச் சோறு, சட்டைப் பையிலுள்ள அடையாள அட்டை ஆகிய நான்கையும் வைத்துக்கொண்டு, நாம் வாழும் கிள்ளான், பண்டமாரான் வட்டாரத்தின் கதையில் ஒரு பகுதியை இங்கே எழுத முனைகிறேன். அரசின் கை எதுவரை நீளலாம், நீண்ட கை எப்போது மடங்கும் என்பதே இக்கட்டுரையின் உட்பொருள்.

மிதிவண்டி

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். அது போர்க்காலம், ரப்பருக்குப் பெருந்தேவை இருந்தது. 1938இல் இந்திய அரசு உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டதால், புதிய ஆள்கள் வருவதும் குறைந்திருந்தது. தேவை கூடி ஆள் குறைந்தால் கூலி உயர்வதே சந்தையின் இயல்பு. ஆனால் தோட்ட முதலாளிகள் தமக்குள் கூடிப் பேசிக் கூலியைக் கட்டுக்குள் வைத்திருந்தனர். தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ 50 காசு. சீனத் தொழிலாளி பெற்றதோ அதனினும் கூடுதல்.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் சார்பில் ஆர்.எச்.நாதன் முதலியோர் முன்னின்று வைத்த கோரிக்கைகளை இன்று வாசித்தால் வியப்பு மேலிடும். கூலி சமமாக வேண்டும் என்பதோடு அவை நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் தோட்ட அதிகாரிகள் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து போக வேண்டும். துரைமார், கிராணிமார் எதிரில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல விட வேண்டும் என்றெல்லாம் கேட்டனர்.

இந்தக் கடைசிக் கோரிக்கையில் சற்று நின்று பார்ப்போம். தோட்டத்துச் சாலையில் துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி வண்டியை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சட்டமன்றம் இயற்றிய விதியன்று, அது வழக்கம். தன் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டியில், தன் கால் வலிமையால் செல்லும் ஒருவனை இறக்கிவிட்ட வழக்கம் அது. மிதிவண்டியும் கள்ளுக்கடையும் உறவினர் வருகையும் கூலியோடு ஒரே பட்டியலில் இடம்பெற்றதற்குக் காரணம் உண்டு. உழைப்பை விற்கிறோம், எங்களையே விற்கவில்லை என்பதுதான் அப்பட்டியலின் சாரம்.

தோட்டம் முதலாளியின் சொத்து. தன் சொத்தில் யார் நுழையலாம் என்று முடிவு செய்வது அவன் உரிமைதானே எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சொத்துரிமையை மதிப்பவன் என்ற முறையில் அதனை நானும் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் லயத்து வீடு தொழிலாளியின் குடும்பம் வாழ்ந்த இல்லம். கோயிலும் பள்ளியும் இடுகாடும் அந்த வேலிக்குள்ளேயே இருந்தன. ஒருவனுடைய வாழ்க்கை முழுவதும் மற்றொருவனுடைய வேலிக்குள் அடங்கிவிட்டால், அங்கே சொத்துரிமை என்பது ஆட்சியுரிமையாக மாறிவிடுகிறது. அதற்குப் பின்னால் அரசும் துணை நின்றால், வெளியேற வாயிலே இல்லை.

அரசு துணை நிற்கத்தான் செய்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலை நிறுத்தம் மேலும் பரவியது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, இராணுவம் வரவழைக்கப்பட்டது. வந்த படையினரும் இந்தியரே. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் கைதாகினர். தனியார் தோட்டத்தில் நிலவிய ஒரு வழக்கத்தைக் கேள்வி கேட்டதற்கு அரசின் துப்பாக்கி விடை சொன்னது. ஏழு மாதங்கள் கழித்து, 1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது, தொழிலாளியை அடக்குவதில் அத்துணை விரைவு காட்டிய அதே அரசு, தன் குடிமக்களைக் காக்க இயலாமல் பின்வாங்கியது.

பால் டின்னும் சோறும்

போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பினர். 1948 சூன் மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்குக் காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து உணவும் செய்தியும் கிடைப்பதைத் தடுக்க, 1950இல் லெப்டினன்ட் ஜெனரல் சர் ஹெரால்ட் பிரிக்ஸ் ஒரு திட்டம் வகுத்தார். ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர்கள், தாங்கள் வாழ்ந்த இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு நானூற்றுக்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். நம் பண்டமாரானும் அவ்வாறு உருவான புதுக்கிராமமே. தோட்டத் தொழிலாளர்களும் தப்பவில்லை. சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றாகக் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன.

புதுக்கிராமங்களைச் சுற்றி முள்வேலி, வாயிலில் காவல், இரவில் ஊரடங்கு. பால்மரம் வெட்டுவோர் விடியுமுன் எழுந்து செல்வது ஏன் என்பது தோட்டத்தில் வளர்ந்தோர்க்குத் தெரியும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். ஊரடங்கு முடிந்து வாயில் திறக்கும் வரை காத்திருந்தவருக்குப் பாலும் குறைந்தது, வருவாயும் குறைந்தது. வாயிலில் ஆணும் பெண்ணும் சோதனையிடப்பட்டனர். வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிச் செல்வது கட்டுப்பாடு மிகுந்த பகுதிகளில் குற்றமாயிற்று.

இங்கேதான் பால் டின் வருகிறது. கடைக்காரர் டின்னில் அடைத்த உணவை விற்கும்போதே அதில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. துளையிட்ட டின் சில நாள்களில் கெட்டுவிடும். காட்டுக்குள் சேமித்து வைக்க இயலாது. சில வட்டாரங்களில் அரிசியை வீட்டில் வைத்திருப்பதே தடைசெய்யப்பட்டு, பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோறு வழங்கப்பட்டது. சோறு மறுநாளே புளித்துவிடும் அல்லவா? ஆகவே அதனைக் கடத்திப் பயனில்லை. திட்டத்தின் கூர்மையை எண்ணிப் பாருங்கள். ஒரு தாய் தன் அடுப்பில் தன் பிள்ளைக்கு உலை வைக்கலாமா கூடாதா என்பதை ஓர் அரசு ஆணை முடிவு செய்தது.

1952இல் தஞ்சோங் மாலிம் அருகே நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின், உயர் ஆணையர் சர் ஜெரால்டு டெம்ப்ளர் அந்நகர மக்கள் அனைவர்மீதும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். தகவல் தரவில்லை என்பதே குற்றச்சாட்டு. குற்றம் செய்தவர் யாரென்று தெரியாதபோது ஊரையே தண்டிப்பது எந்த நீதிநூலில் உள்ளது?

மறுபக்கத்தையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். அன்று ஆபத்து உண்மையானது. தோட்ட நிருவாகிகளும் தொழிலாளர்களும் கிராம மக்களும் கொல்லப்பட்டனர். 1951 அக்டோபரில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்டார். புதுக்கிராமங்களில் பள்ளியும் மருந்தகமும் நீர்க்குழாயும் வந்ததும் உண்மையே. இந்தத் திட்டத்தால்தான் கிளர்ச்சி ஒடுங்கியது என்று கூறும் வரலாற்று ஆசிரியர்கள் பலர். இருப்பினும், பெயர்க்கப்பட்ட குடும்பங்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. நோய்க்கு மருந்து கொடுத்தோம் என்பது, மருந்தை எவ்வளவு நாள் கொடுப்பது என்ற கேள்விக்கு விடையாகாது.

அடையாள அட்டை

1948இல் அவசரகால விதிகளின்கீழ் 12 வயது நிறைந்த ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என ஆணை பிறந்தது. நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். கொரில்லாக்கள் அந்த அட்டைகளைப் பறித்துக் கிழித்ததும் உண்டு. அட்டையை இழந்த ஏழை இரு தரப்பாருக்கும் நடுவே அகப்பட்டான்.

அவசரகாலம் 1960 சூலை 31ஆம் நாள் முடிவுற்றது. அட்டையோ முடிவுறவில்லை. 1959ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டத்தால் நிலைபெற்று, வண்ணங்கள் மாறி, 2001இல் மைகாட் என்னும் சில்லு அட்டையாயிற்று. ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் சென்ற ஆசிரியர்கள் பலர் இவ்வலைப்பூவை வாசிக்கிறீர்கள். ஏன் 12 வயது என்று எந்த மாணவராவது வினவினால், 1948ஆம் ஆண்டைச் சுட்டிக் காட்டுங்கள்.

அட்டையை வெறுத்தொதுக்க நான் சொல்லவில்லை. இன்று அது வங்கிக்கும் மருத்துவமனைக்கும் வாக்குச் சாவடிக்கும் திறவுகோல். ஆனால் திறவுகோல் என்றாலே பூட்டும் உண்டு. பிறப்புப் பதிவு செய்யாத பெற்றோரின் பிள்ளைகள் பள்ளிச் சேர்க்கையில் படும் பாட்டை நாம் கண்கூடாகக் காண்கிறோம். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் தவழ்ந்த குழந்தை ஒரு தாள் இல்லாமையால் அயலானாகிறது. காவலுக்காகப் பிறந்த ஒரு கருவி காலப்போக்கில் குடியுரிமையின் அளவுகோலாகவே மாறிவிட்டது.

தற்காலிகம் என்னும் சொல்

அவசரகாலம் முடிந்த மறுநாளே, அதாவது 1960 ஆகஸ்டு 1ஆம் நாள், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காவல்துறை ஒருவரை 60 நாள் தடுத்து வைக்கலாம். அதன்பின் அமைச்சர் ஈராண்டுக்கு ஆணையிடலாம். அந்த ஈராண்டை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். வழக்கு விசாரணை தேவையில்லை. துப்பாக்கி ஏந்தியவருக்காக இயற்றப்பட்ட அச்சட்டம் பிற்காலத்தில் யார் யாரையோ தீண்டியது. 2007 டிசம்பரில் இண்ட்ராப் இயக்கத்தைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் உள்ளிட்ட ஐவர் கமுந்திங்கில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ம.மனோகரனை, 2008 மார்ச்சுத் தேர்தலில் நம் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா தொகுதி மக்கள் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். மக்கள் தீர்ப்பளித்தும் அவர் 2009 மே மாதம் வரை சிறையிலேயே இருந்தார்.

1969இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 2011இல்தான் முறைப்படி நீக்கப்பட்டது. 42 ஆண்டுகள்! அவ்வாண்டில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பேரப்பிள்ளை காணும் வயதை எட்டும் வரை நாடு அவசரத்திலேயே இருந்ததாகச் சட்டம் சொன்னது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. அதனிடத்தில் வந்த சொஸ்மா சட்டமும் 28 நாள் காவலுக்கு இடமளித்தது.

எந்தக் கட்சியையும் குறைகூற இதனை எழுதவில்லை. ஆங்கிலேயர் நட்ட வேலியை நம்மவரும் பிடுங்காமல் வைத்துக்கொண்டனர் என்பதே நான் கூற விழைவது. அதிகாரம் கைக்கு வந்தால் யாருக்கும் அதனை இறக்கி வைக்க மனம் வருவதில்லை. வள்ளுவப் பெருந்தகை செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததன் நுட்பம் இங்கே விளங்குகிறது. நல்லாட்சி, தீயாட்சி என்பவற்றோடு அவர் நிறுத்தவில்லை. குடிகள் அஞ்சும்படி நடவாமையைத் தனி அறமாகவே ஓதினார்.

ஆகவே, வரலாற்றுப் பாடத்தில் அவசரகாலம் வரும்போது நாளையும் பெயரையும் மட்டும் மனனம் செய்விக்காமல், மூன்று வினாக்களை மாணவர்முன் வைக்க வேண்டுகிறேன். இக்கட்டுப்பாட்டை விதிக்கும் உரிமையை யார் கொடுத்தார்? இது எந்த நாளில் முடியும்? தவறாக நடந்தால் யாரிடம் முறையிடலாம்? இம்மூன்றுக்கும் விடை சொல்ல இயலாத கட்டுப்பாடு, நல்ல நோக்கத்தோடு வந்தாலும் ஐயத்துக்குரியதே. நம் வகுப்பறை விதிகளையும் பிள்ளைகள் இம்மூன்று வினாக்களால் அளந்து பார்க்கட்டும். நாம் சினம் கொள்ளலாகாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வேலிக்குள் வாழ்ந்த அக்காலத்தைச் சிறுவராய்க் கண்டவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ கடந்தோ இருக்கின்றனர். உங்கள் வீட்டுப் பாட்டியிடமோ, பண்டமாரானில் அண்டை வீட்டுச் சீன மூதாட்டியிடமோ, உங்கள் பிள்ளையை ஒரு குறிப்பேட்டுடன் அனுப்பி வையுங்கள். வாயில் எத்தனை மணிக்குத் திறந்தது, யார் சோதனையிட்டனர், அரிசி எவ்வளவு கிடைத்தது என்று கேட்டு எழுதட்டும். பாடநூலில் இல்லாத அச்செய்திகளை அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்துகொள்வோம்.