கணப்பின் உட்பூச்சு: இங்கிலாந்து வீடுகளில் சுண்ணாம்பு முதல் கல்நார்ப் பலகை வரை

கணப்பு என்பது குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடேற்றுவதற்காகச் சுவருக்குள் பதித்துக் கட்டப்படும் அடுப்பு ஆகும். அதன் மேலே புகைபோக்கி எழும்பிக் கூரைக்கு வெளியே செல்லும். நெருப்பு எரியும் குழிவின் பின்சுவரும் பக்கச் சுவர்களும் வெப்பத்தை நேரடியாகத் தாங்க வேண்டியவை. சாதாரண அறைச் சுவருக்குப் பூசும் பூச்சு அங்கு நிலைக்காது. இந்த இடத்தை எதைக் கொண்டு பூசுவது, எதைக் கொண்டு மூடுவது என்பதற்கு இங்கிலாந்தில் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. அவற்றுள் கல்நார்ப் பலகை வெப்பத்தை மிக நன்றாகத் தாங்கியது. ஆனால் அதைச் செய்தவர்களும் அறுத்துப் பொருத்தியவர்களும் அதனால் நோயுற்று இறந்தனர்.

செங்கல்லும் சுண்ணாம்பும்

1666ஆம் ஆண்டு லண்டனில் மூண்ட பெருந்தீ நகரின் மரவீடுகளை அழித்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், புதிய வீடுகளின் வெளிச்சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்ட வேண்டும் என விதித்தது. செங்கல் புகைபோக்கியின் உட்புறத்தில் சுண்ணாம்புச் சாந்துடன் மாட்டுச் சாணத்தைக் கலந்து பூசுவது கொத்தனார்களின் வழக்கமாக இருந்தது. செங்கல் இடுக்குகளில் புகை கசிந்தாலோ பொறி புகுந்தாலோ அருகிலிருக்கும் மர உத்தரம் பற்றிக்கொள்ளும். அதைத் தடுப்பதே இப்பூச்சின் முதன்மையான பயன்.

ரம்ஃபோர்டின் திருத்தம்

அக்காலக் கணப்புகளின் வாய் மிக அகலமானது. சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறியது. புகை அறைக்குள் திரும்பியது. அமெரிக்காவில் பிறந்த அறிவியலாளர் பெஞ்சமின் தாம்சன், ரம்ஃபோர்டு பிரபு என அறியப்பட்டவர், 1796இல் இது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வாயைச் சுருக்க வேண்டும், பக்கச் சுவர்களைப் பின்சுவரிலிருந்து 135 பாகைக் கோணத்தில் சாய்க்க வேண்டும், புகைபோக்கியின் தொண்டையை 4 அங்குலமாகக் குறுக்க வேண்டும் என்பவை அவருடைய பரிந்துரைகள்.

எந்தப் பொருளால் அமைப்பது என்பதையும் அவர் விளக்கினார். இரும்பு தானே சூடாகிவிடுமே தவிர, வெப்பத்தை அறைக்குள் நன்கு திருப்பி அனுப்பாது என்று அதை ஒதுக்கினார். செங்கல்லால் கட்டி, வழவழப்பாகப் பூசி, வெள்ளையடிப்பதே சிறந்தது என்றார். இதன்மூலம், தீயைத் தடுப்பதற்கான உட்பூச்சு வெப்பத்தை அறைக்குள் திருப்பும் பரப்பாகவும் மதிக்கப்பட்டது. லண்டனில் நூற்றுக்கணக்கான கணப்புகள் இம்முறையில் மாற்றப்பட்டன.

எனினும் 19ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்புக் கணப்புகள் பெருகின. ஆலைகளில் மலிவாக வார்க்க முடிந்ததே இதற்குக் காரணம். 1880களில் லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் பிரிட்ஜின் டீல், நிலக்கரியைச் சிக்கனப்படுத்த இரும்பைக் குறைத்துத் தீக்களிமண்ணைப் பயன்படுத்துமாறு வலியுறுத்தினார். அதன்பின் தீக்களிமண்ணால் ஆன பின்பாகம் பரவலாயிற்று.

கல்நாரின் வருகை

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்பது நார் வடிவில் கிடைக்கும் கனிமம். தீயில் எரியாது, வெப்பத்தை எளிதில் கடத்தாது, நூலாக நூற்கவும் முடியும். 1901இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்ஷெக் கல்நாரையும் சிமெண்டையும் சேர்த்து மெல்லிய தகடு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டில் கூரை வேயும் ‘ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்’ இவ்வகையைச் சேர்ந்ததே. கணப்புகளிலும் கதவுகளிலும் பயன்பட்ட காப்புப் பலகை இதிலிருந்து வேறுபட்டது. கால்சியம் சிலிகேட்டுடன் பெரும்பாலும் பழுப்புக் கல்நார் சேர்த்துச் செய்யப்பட்ட அது மென்மையானது. சாதாரண ரம்பத்தால் அறுக்கலாம், ஆணி அடிக்கலாம். வேலைக்கு எளிதாக இருந்த அதே மென்மையால், அறுக்கும்போது நார்த்தூசி காற்றில் பறந்தது.

இதன் தீங்கு முன்பே தெரிய வந்திருந்தது. ராச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் தமது 33ஆம் வயதில் இறந்தார். மருத்துவர் குக் அவரது நுரையீரலை ஆராய்ந்து பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். மெரிவெதர், பிரைஸ் ஆகியோர் 1930இல் அளித்த அறிக்கை, ஆய்வு செய்யப்பட்ட தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நுரையீரல் பாதிப்பு இருந்ததைக் காட்டியது. 1931இல் விதிகள் பிறந்தன. ஆனால் அவை தொழிற்சாலைகளில் தூசி மிகுந்த சில வேலைகளுக்கே பொருந்தின. வீடுகளில் பலகையை அறுத்த தச்சருக்கும் கொத்தனாருக்கும் அவற்றால் பாதுகாப்புக் கிட்டவில்லை.

மூடப்பட்ட கணப்புகள்

1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த புகைமூட்டத்தால் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். இதையடுத்து 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. நிலக்கரி எரிக்கும் கணப்புகளின் இடத்தை எரிவாயுவும் மின்சாரமும் பிடித்தன. பயன்படாத கணப்பு வாய்கள் பலகையால் அடைக்கப்பட்டன. எரிவாயு அடுப்பின் பின்னால் வைக்கும் தடுப்பாகக் கல்நார்ப் பலகை பல வீடுகளில் புகுந்தது. புகையிலிருந்து மக்களைக் காக்க வந்த மாற்றம், கண்ணுக்குத் தெரியாத மற்றொரு தூசியை வீட்டிற்குள் சேர்த்துவைத்தது.

1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயைக் கல்நாருடன் தொடர்புபடுத்தியது. சுரங்கத் தொழிலாளர்கள் மட்டுமல்ல, சுரங்கத்தின் அருகே வாழ்ந்தோரும் பாதிக்கப்பட்டிருந்தனர். பிரிட்டனில் 1969இல் விதிகள் விரிவாக்கப்பட்டன; 1985இல் நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும், 1999இல் வெள்ளைக் கல்நாரும் தடை செய்யப்பட்டன. இந்நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் தடைக்குப் பின்னரும் அங்கு ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் மீசோதீலியோமாவால் இறந்து வந்துள்ளனர். கட்டட வேலை செய்தவர்கள் இவர்களில் கணிசமானோர்.

இன்றைய பலகைகளும் பூச்சுகளும்

விறகு அடுப்புகள் மீண்டும் விரும்பப்படுவதால், அடைத்த கணப்புகள் திறக்கப்படுகின்றன. இப்போது உட்புறத்தை மூட மூன்று பொருள்கள் பெரிதும் பயன்படுகின்றன.

கால்சியம் சிலிகேட் பலகை: பழைய காப்புப் பலகையின் அடிப்படைப் பொருளே இது. கல்நாருக்குப் பதிலாக வேறு நார்கள் சேர்க்கப்படுகின்றன.

வெர்மிகுலைட் பலகை: சூடாக்கினால் பொரிபோல விரியும் கனிமத்தால் ஆனது. அமெரிக்காவின் லிபி ஊரில் வெட்டப்பட்ட வெர்மிகுலைட்டில் கல்நார் கலந்திருந்தது. அச்சுரங்கம் 1990இல் மூடப்பட்டது.

சுண்ணாம்புப் பூச்சு: சுண்ணாம்பும் மணலும் கலந்தது. ஜிப்சம் பூச்சு வெப்பத்தில் தன்னுள் பிணைந்திருக்கும் நீரை இழந்து பொடிந்து விரிசல் விடும். சுண்ணாம்புப் பூச்சு சூட்டையும் சுவரின் சிறு அசைவையும் அதைவிட நன்றாகத் தாங்குகிறது.

பழைய அடைப்பைத் திறப்பதே இவ்வேலையில் ஆபத்தான கட்டம். பழைய பலகையில் கல்நார் உண்டா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகச் சோதனையே உறுதிசெய்யும். உடையாமல் இருக்கும் பலகையால் ஆபத்து குறைவு. அதை உடைப்பதும் துளையிடுவதும் அறுப்பதும்தான் நாரைக் காற்றில் கலக்கின்றன. இக்காரணத்தால் 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட எந்தப் பிரித்தானியக் கட்டடத்திலும் கல்நார் இருக்கக்கூடும் எனக் கொண்டே வேலையைத் தொடங்குமாறு அறிவுறுத்தப்படுகிறது.