களனிப் பள்ளத்தாக்கில் ஓய்வும் உழைப்பும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நாட்டு மக்கள் எவ்வாறு உழைத்தனர் என ஆராய்வது வழக்கம். அவர்கள் எவ்வாறு ஓய்ந்திருந்தனர், ஓய்ந்திருக்கும் உரிமை யாருக்கு வாய்த்தது என்னும் வினாக்கள் அத்துணை எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை தேடக் கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியவும் அதனை அடுத்துள்ள களனிப் பள்ளத்தாக்கும் ஏற்ற களமாகும்.

கேகாலையிலிருந்து புளத்கொகுபிட்டிய ஊடாக இறங்கும் வீதி, கரவனல்லையில் அவிசாவளை - அற்றன் நெடுஞ்சாலையோடு சேர்கின்றது. அதன்வழியே கிழக்கு நோக்கிச் சென்று எட்டியாந்தோட்டையைக் கடந்தால் கித்துல்கலையை அடையலாம். விடுமுறை நாட்களில் நகரத்தார் இவ்வழியே பெருந்தொகையாக வருகின்றனர். சிலர் காற்றடைத்த படகேறிக் களனி கங்கையின் சுழிப்புகளில் பாய்கின்றனர். சிலர் தொலைநோக்கியுடன் மழைக்காட்டினுள் நுழைகின்றனர். வேறு சிலர் பெலிலென குகைக்கு ஏறிச் செல்கின்றனர். 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மாந்தர் செய்த நுண்கற்கருவிகள் அங்கே கிடைத்துள்ளன. 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் திரைப்படத்துக்காக டேவிட் லீன் மரப்பாலம் கட்டித் தகர்த்த இடத்தைக் காணவும் கூட்டம் வருகின்றது. உண்மையான பாலங்கள் பலவற்றிற்கில்லாத புகழ் இந்தப் பொய்ப் பாலத்திற்கு வாய்த்திருப்பது வேடிக்கையே.

இந்நிலப்பரப்பு ஓய்வுக்காக உருவாக்கப்பட்டதன்று. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பிச் செய்கை வீழ்ந்தபின் தேயிலையும் இறப்பரும் இக்குன்றுகளை மூடின. அவற்றை ஏற்றிச் செல்லவே 2 அடி 6 அங்குல அகலமுடைய ஒடுங்கிய புகையிரதப் பாதை இடப்பட்டது. அது 1902 இல் அவிசாவளையையும் 1903 இல் எட்டியாந்தோட்டையையும் எட்டியது; வேறொரு கிளை 1912 இல் இரத்தினபுரியை அடைந்தது. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே அகற்றப்பட்டது. எஞ்சிய அவிசாவளைப் பாதை 1990களில் அகலப் பாதையாக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகளைச் சுமந்த அச்சிறுவண்டி, இன்று பழைய புகையிரதங்களில் ஆர்வமுடையோரின் பொழுதுபோக்குப் பொருளாகிவிட்டது.

தோட்டத்துரைமாருக்கு ஓய்வு இருந்தது. அதற்கெனச் சங்கங்களும் இருந்தன. 1894 இல் நிறுவப்பட்ட வேட்டை விலங்குகள் பாதுகாப்புச் சங்கத்திற் பெரிதும் இடம்பெற்றோர் வேட்டைப் பிரியர்களே. வேட்டைக்கு விலங்கு குறைந்துபோகும் என்ற அச்சமே அவர்களைப் பாதுகாவலராக்கியது. எனினும் அப்பொழுதுபோக்கிலிருந்து அறிவும் விளைந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. தேயிலைத் தோட்டக்காரரான டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் 1935 இல் இலங்கைப் பாலூட்டிகள் பற்றிய நூலை வெளியிட்டார். தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த ஜி. எம். ஹென்றியின் பறவை நூல் 1955 இல் வெளிவந்தது. இலங்கைப் பறவைக் கழகம் 1943 இல் தோன்றியது. இவையனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலம் அறிந்தோரிடையே வழங்கிய அறிவாகும்.

அதே குன்றுகளில் லயங்களில் வாழ்ந்த தமிழருக்கு ஓய்வு என்பது வேறு பொருள் தந்தது. விடியுமுன் தப்பு முழங்கப் பிரட்டுக்களத்திற்குச் சென்றாக வேண்டும். 'பேர்' விழுந்தாலன்றிக் கூலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை விறகு தேடவும் மரக்கறித் தோட்டம் கொத்தவும் கழிந்தது. மாசி மாதத்துக் காமன் கூத்தும், மாரியம்மன் திருவிழாவும், சிவனொளிபாதமலை யாத்திரையுமே அவர்தம் விடுமுறைகள். அவையும் தனியொருவரின் பொழுதுபோக்கல்ல. தோட்டம் முழுவதும் கூடிச் செய்தவை. ஆனால் இம்மக்கள் இயற்கையை அறியாதவர் எனக் கொள்ளுதல் பெருந்தவறு. குளிர்ந்த வேளையிலேயே பால் நன்கு வடியுமாதலின் இறப்பர்ப் பால்வெட்டுவோர் புலரிப்பொழுதில் மலையேறுவர். இராப்பறவை அடங்குவதையும் பகற்பறவை எழுவதையும் அவரினும் அணுக்கமாகக் கேட்டோர் யாவர்? கேட்டது உண்மை, எழுதப்படவில்லை என்பதே குறை.

எழுதப்படுதலின் ஆற்றலை விளக்க ஒரு நிகழ்ச்சியே போதும். 1995 இல் கித்துல்கலைக் காட்டில் தீபால் வரக்காகொட என்னும் பறவை ஆய்வாளர், தாம் அறிந்த எப்பறவைக்கும் பொருந்தாத மெல்லிய குரலொன்றை இருளிற் கேட்டார். குரலுக்குரிய பறவை கண்ணிற்படவில்லை. அவர் விடாது தேடினார். 2001 சனவரியில் சிங்கராஜ வனத்தில் அது தென்பட்டது: காதுத் தூவியற்ற, செம்பழுப்பு நிறமுடைய சிற்றாந்தை. 2004 இல் அவரும் பமெலா றஸ்முசனும் அதனைப் புதிய இனமென உலகுக்கு அறிவித்தனர். இலங்கையில் நூறாண்டுக்கு மேலாகக் காணப்படாத நிகழ்ச்சி இது. 1970களில் சிங்கராஜ வனத்தில் மரந்தறித்தலை எதிர்த்துப் போராடிய சுவிற்சர்லாந்துக்காரர் திலோ ஹொப்மனின் பெயர் அதன் விஞ்ஞானப் பெயரில் இடம்பெற்றது. அப்பெருமைக்கு அவர் தகுதியுடையவரே. ஆயினும் அவ்வாந்தை 1995 இல் முதன்முறையாகக் கூவியதன்று. அக்காட்டின் ஓரத்தில் வாழ்ந்தோர் தலைமுறை தலைமுறையாக அக்குரலைக் கேட்டிருத்தல் கூடும். அவர் கையில் குறிப்பேடு இருக்கவில்லை.

கித்துல்கலையின் படகோட்டமும் இதுபோன்ற ஒரு நுட்பத்தை உணர்த்துகின்றது. ஆற்றின் வேகம் மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் விடும் நீரைப் பொறுத்தது. 35 மெகாவாற்று பிராட்லண்ட்ஸ் திட்டம் அறிவிக்கப்பட்டபோது படகோட்டத்தையே வாழ்வாகக் கொண்டோர் கலங்கியமை இதனாலேயே. ஒருவரின் விளையாட்டு இன்னொருவரின் கூலியாகவும் இருக்கின்றது.

எம் மாணவரிற் பலர் விடுமுறைக்குச் செல்வது உல்லாச விடுதிக்கன்று, லயத்துக்கே. கையோடு ஒரு குறிப்பேடு செல்லுமாயின், முதியோர் பறவைக்கும் ஓடைக்கும் மலைமுகட்டுக்கும் இட்டு வழங்கிய பெயர்களை எழுதிக்கொள்ளலாம். இதற்குத் தொலைநோக்கியும் வேண்டியதில்லை; திண்ணையிற் சற்று அமர்ந்திருக்கும் பொறுமை போதும். காலமோ குறுகியது. 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தத்துக்கு முன் துரைமார் காலத்துப் பிரட்டில் நின்றவர்கள் இன்று எழுபது வயதை அண்மியோரும் கடந்தோருமாவர்.