எல்லை அறியா நீலி

திருவனந்தபுரத்தில் வளரும் நம் சிறார் யட்சிக் கதைகளை மலையாளத்திலேயே கேட்கின்றனர். இரவு வழிப்போக்கனிடம் அழகி ஒருத்தி சுண்ணாம்பு கேட்பாள். விடிந்தால் பனையடியில் அவன் பல்லும் நகமும் மயிருமே மிஞ்சும். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிகமாலை (1909 முதல்) இத்தகைய யட்சியரை ஏட்டில் ஏற்றியது.

யட்சியருள் பெயர்பெற்ற கள்ளியங்காட்டு நீலி நமக்கு அயலாள் அல்லள். கள்ளியங்காடு நாகர்கோயிலை அடுத்தது. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த மண். நாஞ்சில் வில்லுப்பாட்டிலும் நீலி கதை ஒலிக்கிறது. பேய்க்கு எல்லைக்கோடு ஏது?

தொண்டை நாட்டிலோ அவள் பழையனூர் நீலி. கணவன் இவனே என ஒரு வணிகனைச் சுட்டி அழுதாள். இடுப்புக் குழந்தை 'அப்பா' என்று அவனிடம் தாவியது, அதுவோ கள்ளிக்கட்டை! இங்கே சிரிக்காத குழந்தை இல்லை. அவனுக்குத் தம் உயிரையே பிணை வைத்த வேளாளர் எழுபதின்மர், அவன் மாண்டதும் தீப்பாய்ந்தனர். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகமும் அவ்வஞ்சனையைக் குறிக்கிறது.

'நீலிக் கண்ணீர்' என்கிறோம், கதையைச் சொல்வதில்லை. அச்சமும் நகைப்பும் ஊட்டி, சொன்ன சொல் காக்கும் அறத்தையும் ஊன்றும் இக்கதையை நம் பிள்ளைகள் நம் வாயால் தமிழிற் கேட்கட்டும்.