கிள்ளான்: ஆறும் வடிகாலும் வளர்த்த நகரம்

கிள்ளான், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் கோலாலம்பூருக்கு மேற்கே சுமார் 32 கி.மீ. தொலைவில் உள்ள அரச நகரம். சிலாங்கூர் சுல்தானின் ஆலம் ஷா அரண்மனை இங்குதான் உள்ளது. 1875 முதல் 1880 வரை மாநிலத்தின் தலைநகராக இருந்த ஊர், 2024-இல் மாநகராயிற்று. கிள்ளான் ஆறு இதை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. சதுப்பு நிலத்து நீரை வடிக்க வெட்டப்பட்ட கால்வாய்களே ஊரைக் குடியிருக்கத் தக்கதாக்கின.

உள்நாட்டு வெள்ளீயம் கடலுக்குப் போன வழி இந்த ஆறு. அதன் வரி யாருக்கு என்ற தகராறு 1867 முதல் 1874 வரை உள்நாட்டுப் போராக நீடித்தது. கோலாலம்பூரிலிருந்து 1886-இல் வந்த ரயில் புக்கிட் கூடாவோடு நின்றது. ஆற்றின் மேல் பாலம் கட்டிய பின், 1890-இல்தான் ஊருக்குள் நுழைந்தது. பெரிய கப்பல்களுக்கு ஆற்றுத்துறை போதாததால் 1901 செப்டம்பரில் முகத்துவாரத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுவே.

திறந்த சில வாரங்களிலேயே மலேரியா தாக்கியது. தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாகப் படுத்தார்கள். துறைமுகத்தை மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. கொசுவே இந்நோயைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் கண்டறிந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதை நம்பிக் காட்டை வெட்டி, சதுப்பை வடிக்கச் சொன்னவர் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன். காய்ச்சல் சட்டென்று இறங்கியது. இதே வைத்தியம் மலையடிவாரத் தோட்டங்களில் பலிக்கவில்லை. கடலோரச் சதுப்பின் கொசு நிழலில் பெருகுவது. மலையோரக் கொசுவுக்கோ வெயில் படும் தெளிந்த ஓடையே வேண்டும். காட்டை வெட்டியது அதற்கு வசதியாகிவிட்டது. அங்கே நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே வடிக்க வேண்டியிருந்தது. எந்த ஊருக்கு எந்தக் கொசு என்று பார்க்கும் பழக்கம் மலேரியாத் தடுப்பில் வேரூன்றியதற்குக் கிள்ளானுக்குப் பெரும் பங்குண்டு.

கடலோரத் தோட்டங்கள் பலவும் பெருக்கின்போது ஏறும் கடல்நீரைவிடத் தாழ்ந்தவை. கரை கட்டி, நீர் ஏறும்போது மூடி இறங்கும்போது திறக்கும் மதகுகள் வைத்தே அங்கே ரப்பர் வளர்த்தார்கள். ஆள்சேர்க்கும் கங்காணிகள் மூலம் வந்த தமிழர்கள் இத்தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருந்தார்கள். 1941-இல் ஆர்.எச். நாதன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தம் இம்மண்ணில் வெடித்தது. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. கூலியைவிட அந்தச் சைக்கிள்தான் அக்காலத் தோட்ட வாழ்வை நமக்கு நன்றாகச் சொல்கிறது. நாதன் நாடு கடத்தப்பட்டார், படை இறக்கிப் போராட்டத்தை ஒடுக்கினார்கள், உயிர்ப்பலியும் நேர்ந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பின்னும் தமிழர் கூடுமிடம் தென்கரையின் தெங்கு கிளானா சாலைதான். சேலைக்கடை, நகைக்கடை, பூக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை என்று வரிசையாக நிற்கும் இச்சாலை, தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நடைபாதைக் கடைகளால் நிரம்பிவிடும். முன்னோருக்குப் படையல், விடியற்காலை எண்ணெய்க் குளியல், பிறகு மலாய், சீன நண்பர்களுக்கும் கதவு திறந்த விருந்து என்பது இங்குள்ள தீபாவளி. பிள்ளைகளுக்குப் பணத்தை உறையிலிட்டுக் கொடுப்பது சீனப் புத்தாண்டிலிருந்து வந்த வழக்கம், பெயரும் அங்பாவ்தான்.

1892-இல் எழுந்த ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலைத் தென்கிழக்காசியாவின் திருப்பதி என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வரிசை நீளும். அம்மாதம் முழுவதும் பல வீடுகளில் இறைச்சி கிடையாது. சீனத் தொழிலாளரின் பன்றி எலும்பு மூலிகைச் சூப்பான பாக் குத் தே-யும் இதே ஊரின் பெருமை.

ஆற்றைக் கடக்க 1908-இல் பெல்பீல்டு பாலம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த கோத்தா பாலத்துக்கு இரண்டு தளங்கள்: மேலே வண்டிகள், கீழே நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும். இப்போது மேல்தளத்தில் வண்டி ஓடுவதில்லை. பக்கத்தில் புதிய பாலம் வந்துவிட்டது.

வடிகால் வேலை இன்னும் முடியவில்லை. கனமழையும் கடல்பெருக்கும் ஒன்றாக வந்தால் ஆற்றுநீர் வெளியேற வழியின்றித் தேங்கும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோரமாக ஷா ஆலமில் உள்ள தாமான் ஸ்ரீ மூடா கூரை மட்டம்வரை மூழ்கி, மக்கள் படகில் மீட்கப்பட்டனர்.