ஆறு எண்கள்

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். நான் டெல்லி கரோல் பாக்கில் குடியிருந்தபோது இன்லண்ட் லெட்டரில் முகவரியைத் தமிழிலேயே எழுதி, அடியில் 110005 என்று பெரிதாகப் போட்டுவிடுவாள். கடிதம் வந்து சேர்ந்துவிடும்.

அதற்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறது. ஒரே பெயரில் பல ஊர்கள் (நம்மூர்ப் பக்கம் மட்டும் எத்தனை புதூர்!), பல மொழிகள், புரியாத கையெழுத்து. கடிதம் பிரிக்கும் ஊழியர் தன் ஞாபகத்தை நம்பித்தான் ஓட்டவேண்டும். தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் இதற்கு வகுத்ததுதான் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று அமலுக்கு வந்தது. மனிதர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட!

முதல் எண் மண்டலம். மொத்தம் 9; கடைசி ராணுவத்துக்கு. தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து 6. முதல் மூன்று எண்கள் பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று தபால் நிலையத்தையும் காட்டும்.

மொழிச் சண்டை ஓயாத நாட்டில், யாரையும் இன்னொரு மொழி படிக்கச் சொல்லாமலே வேலையை முடித்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் எண் தபால் நிலையம் வரைதான் கொண்டுவரும். அங்கிருந்து வீட்டுக்கு? தமிழ் எழுத்தைக் கண்டாலே தபால்காரர் நேராகக் கீழ்வீட்டு மாமியிடம் நீட்டிவிடுவார்.