வரிவிதிப்பும் வெற்று ஆசனமும்: ஊர்காவற்றுறைத் தொகுதி, 1931–1934

பிரதிநிதித்துவம் இன்றேல் வரியும் இல்லை என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றவாசிகள் பிரித்தானிய ஆட்சிக்கெதிராக எழுப்பிய முழக்கமாகும். வரி செலுத்துவோர் அதனைத் தீர்மானிக்கும் சபையிலே குரலுடையோராதல் வேண்டும் என்பதே அதன் சாரம். இக்கோட்பாட்டை மறுதலையாக வைத்து நோக்குதற்குரிய நிகழ்ச்சியொன்று, வேலணை முதலிய தீவுகளை உள்ளடக்கிய ஊர்காவற்றுறைத் தொகுதியின் வரலாற்றிலே உண்டு. மக்கள் தாமாகவே சபையை விட்டு விலகி நின்றவிடத்து வரி அவர்களை விட்டு விலகி நின்றதா என்பதே இக்கட்டுரையின் வினா.

இலங்கையிலே முதலாளருக்கு ஆசனம் முந்திக் கிடைத்தது. பொதுமக்களுக்கு வாக்குப் பிந்திக் கிடைத்தது. 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையின் உத்தியோகப் பற்றற்ற ஆசனங்கள் ஆறனுள் மூன்று ஐரோப்பியருக்குரியனவாயின. அவற்றின் வழியே வணிகரும் தோட்டத்துரைமாரும் தம் நலனைப் பேசினர். சர்வசன வாக்குரிமையோ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் 1931இலேயே வந்தது.

அவ்வாக்குரிமையை வடபகுதியின் பெரும்பாகம் அன்று பயன்படுத்தவில்லை. டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியம் ஆகாது எனக் கூறி, ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் முன்னின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்திலர். தேர்ந்தெடுக்கப்படவேண்டிய ஐம்பதின்மருள் நால்வரின்றியே அரசாங்க சபை கூடிற்று.

அக்காலம் உலகப் பொருளாதார மந்தக் காலமாகும். தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களின் விலை வீழ்ந்தது. சுங்கத் தீர்வைகளிலே பெரிதும் தங்கியிருந்த அரசிறை சுருங்கியது. இந்நிலையிலேயே 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வருமான வரிச் சட்டம் நிறைவேறி, தனியாட்களின் வருமானத்தோடு கம்பனிகளின் இலாபமும் வரிக்குள்ளாயிற்று. சுங்கத் தீர்வை ஏழையின் உணவிலும் உடையிலும் விழுவது. வருமான வரி செல்வரின் இலாபத்தில் விழுவது. எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்னும் வாதம் ஆதலால் யார் சுமப்பது என்னும் வாதமே. தென்னிலங்கை நகரங்களிற் கடை நடத்திய தீவுப்பகுதி வணிகருக்கும், மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்துடன் மீண்டோருக்கும், அரிசியை விலைக்கு வாங்கியுண்ட கூலியாளருக்கும் இது வெவ்வேறு வகையிற் பொருட்டான விடயமாகும். ஐரோப்பிய நலன்களுக்காகப் பேச நியமன உறுப்பினர் சபையிலிருந்தனர். தீவகத்தாருக்காகப் பேசவோ எவருமிலர்.

பகிஷ்கரித்தோர் பக்கத்து நியாயமும் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. நிதி நிர்வாகம் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரி எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. அது நிதிக் காரியதரிசி என்னும் உத்தியோகத்தரின் கையிலிருந்தது. தேசாதிபதிக்கும் விசேட அதிகாரங்கள் இருந்தன. பணப்பெட்டியின் திறவுகோல் கைமாறாத ஆட்சி தன்னாட்சியாகுமா என்ற அவர்தம் வினா கூர்மையானதே. ஆயினும், வினா கூரியதாயினும் வெளியே நின்றோரின் கருத்து வாக்கெடுப்பில் எண்ணப்படவில்லை. சட்டம் நாடு முழுவதற்கும் ஒரேவகையாகப் பொருந்திற்று.

1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல்களில் நான்கு ஆசனங்களும் நிரப்பப்பட்டன. ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை தெரிவானார். 1936இல் வேலணையிற் பிறந்த வைத்திலிங்கம் துரைசுவாமி அத்தொகுதியின் உறுப்பினராகி, சபாநாயகராகவும் தெரிவுசெய்யப்பட்டு 1947 வரை அப்பதவி வகித்தார். ஐந்தாண்டுகளுக்குமுன் வெறுமையாய்க் கிடந்த ஆசனத்துக்குரியவர் முழுச் சபைக்கும் தலைமை தாங்கியமை சிந்திக்கற்பாலது. அதே ஆண்டில் லங்கா சமசமாசக் கட்சியின் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் சபை புகவே, முதலும் உழைப்பும் பற்றிய வாதம் கட்சி வடிவம் பெறலாயிற்று.

1983இல் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனமிழந்தபோது, பண்டிதர் கா. பொ. இரத்தினம் வகித்த ஊர்காவற்றுறை ஆசனம் மீண்டும் வெறுமையாயிற்று. முன்னையது தாமாக மேற்கொண்ட விலகல்; பின்னையது சட்டத்தின் நெருக்கடியால் நேர்ந்தது. காரணம் வேறாயினும் விளைவிலே ஒற்றுமையுண்டு. இருமுறையும் தீவகத்து மக்கள் வாங்கிய பொருளுக்கும் ஈட்டிய வருமானத்துக்கும் உரிய வரி, ஆசனத்தில் ஆளிருக்கின்றாரா எனக் கேட்டு வரவில்லை. சபையைப் புறக்கணிக்கக் கருதுவோர் எக்காலத்தவராயினும் இக்கணக்கையும் பார்த்தே முடிவு செய்தல் தகும்.